வாசகர் கேள்விகள்: முதல் விமானமும் ஒரு சிட்டிகை சிமென்ட்டும்

கொலுப் பொம்மைகளைப் பற்றிய சென்ற இதழ்ப் பதிலில், எங்கள் வீட்டுக் கொலுவின் கீழே ஒரு பிளாஸ்டிக் விமானமும் நின்றது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பொம்மைகளை விட்டுவிட்டு அந்த விமானத்தைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. ஆகவே இந்த இதழின் பக்கங்களை, உதிரிகளாக வந்து நம் கையால் ஒட்டி முழுமையாகும் பிளாஸ்டிக் மாடல்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

செல்லூர் வாசகர்: அது என்ன விமானம்? நீங்களே செய்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கால மதுரையில் அது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?

அது நாட் விமானம். ஏர்ஃபிக்ஸ் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் மாடல். கிடைத்தது 1972இல், எனக்குப் பதினோரு வயதானபோது.

அதற்கு முந்தைய டிசம்பரில் நடந்த போரை வானொலியில் கேட்டு வளர்ந்த பையன்கள் நாங்கள். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானத் தளத்தைக் காக்க ஒரு நாட் விமானத்தில் மேலெழுந்து, பாகிஸ்தானின் பல சேபர் போர் விமானங்களோடு தனித்துப் போரிட்டு உயிர்நீத்த நிர்மல்ஜித் சிங் செகோனுக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. விமானப் படையில் அந்த விருதைப் பெற்றவர் இன்றளவும் அவர் ஒருவர்தான். சிம்மக்கல் பக்கத்துத் தெருக்களில் அந்த ஆண்டு முழுவதும் கைகளை விரித்துக்கொண்டு ஓடிய பையன்களில் ஒருவன்கூடச் சேபராக இருக்கச் சம்மதித்ததில்லை, எல்லோரும் நாட்தான். எனவே சிங்கப்பூரில் இருந்த சித்தப்பாவுக்கு அப்பா எழுதிய கடிதத்தின் அடியில், இடம் மிச்சமிருந்த ஓரத்தில், எனக்கு ஒரு நாட் விமானம் வேண்டும் என்று நானே பென்சிலால் எழுதிச் சேர்த்தேன்.

சித்தப்பா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கி அங்கிருந்து மதுரை வந்தார். பெட்டியைத் திறந்ததும் கோடாலித் தைல வாசனை. நைலான் சேலைகளுக்கு அடியில், வாயை மடித்துத் தாள் வைத்துப் பின் அடித்த ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் விமானம் இல்லை. சிவப்புப் பிளாஸ்டிக்கில் சீப்பின் பற்களைப் போல ஒரு சட்டத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த துண்டுகளும், மடித்த ஒரு தாளும்தான் இருந்தன. தாளில் இருந்த படத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அது நம் நாட் அல்ல. ஆங்கிலேய விமானப் படையின் 'ரெட் ஆரோஸ்' சாகசக் குழு 1965 முதல் ஓட்டிவந்த, இரண்டு இருக்கைகள் கொண்ட பயிற்சி விமானம். செகோன் ஓட்டியதில் இருக்கை ஒன்றுதான். "பின் சீட்ல யாரும் இல்லைன்னு நினைச்சுக்கடா" என்றான் அண்ணன். அந்தச் சமாதானம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

சிக்கல் அந்தத் தாளில்தான் தொடங்கியது. ஒவ்வொரு துண்டையும் எந்த இடத்தில் பொருத்த வேண்டும் என்று எழுதி, ஒவ்வொரு முறையும் 'சிமென்ட்' செய்க என்று ஆங்கிலத்தில் முடித்திருந்தார்கள். நான் தமிழ்வழிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு, அண்ணன் ஒன்பதாம் வகுப்பு. எங்களுக்குத் தெரிந்த சிமென்ட் ஒன்றுதான். நல்லவேளையோ கெட்டவேளையோ, அடுத்த வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனாரிடம் கெஞ்சி ஒரு சிட்டிகை சிமென்ட்டைத் தாளில் பொட்டலம் கட்டி வாங்கி வந்து, கொட்டாங்கச்சியில் குழைத்து, தீக்குச்சியால் எடுத்து விமானத்தின் வயிற்றுப் பகுதி இரண்டையும் சேர்த்துப் பூசினோம். புதுச் சுவருக்குத் தண்ணீர் விடுவதைப் பார்த்திருந்தபடியால் காலையும் மாலையும் அதன்மேல் தண்ணீர் தெளித்தோம். மூன்றாம் நாள் கையில் எடுத்தபோது சிமென்ட் காய்ந்த சுண்ணாம்புபோல ஏடு ஏடாக உதிர்ந்தது.

அதன்பிறகு மைதாப் பசை, கோந்து, சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் என்று ஒவ்வொன்றாக முயன்று தோற்றோம். கடைசியில் காருக்கு டிங்கரிங் பார்க்கும் பட்டறையில் வண்ணம் அடிக்கும் அண்ணன் ஒருவர், சட்டத்திலிருந்து ஒரு துண்டை ஒடித்து, தன் தின்னர் டப்பாவில் முக்கி எடுத்து, நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகம் பதிந்தது. "இது ஒட்டுற சாமான் இல்லப்பா, கரைச்சுச் சேக்குற சாமான்" என்று சொல்லி, காலியான தைலப் புட்டியில் கால்வாசி தின்னர் ஊற்றிக் கொடுத்தார்.

பின்னாளில் வேதியியல் படித்தபோதுதான் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று விளங்கியது. இந்த மாடல்கள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. டொலுவீன் போன்ற கரைப்பான்கள் பட்டால் அதன் மேல்பரப்பு இளகிக் கூழாகும். இளகிய இரு பரப்புகளை அழுத்திப் பிடித்தால் ஒன்றின் மூலக்கூறுகள் மற்றதற்குள் பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியாகிப் போனதும் அங்கே நடுவில் பசை என்று எதுவும் மிஞ்சாமல் இரண்டும் ஒரே பிளாஸ்டிக்காகிவிடும். மாடல் செய்பவர்களின் 'சிமென்ட்' என்பது இதுதான். கோந்தும் மைதாவும் தாளையும் மரத்தையும்போல நுண்துளை உள்ள பொருளில் ஊறிப் பிடிப்பவை. வழுவழுப்பான பாலிஸ்டைரீனில் அவற்றுக்குப் பிடிமானம் கிடையாது.

கார்ப் பட்டறைத் தின்னர் இந்த வேலைக்கு மிகவும் கடுமையானது என்பதை விமானமே எங்களுக்குச் சொன்னது. விமானி அமரும் இடத்துக் கண்ணாடிக் கூட்டின்மேல் ஒரு துளி சிந்தி, அது கண்புரை விழுந்ததுபோல வெளுத்தது. இடது இறக்கையை அண்ணன் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில் அதன் அடிப்பக்கத்தில் அவனுடைய கட்டைவிரல் ரேகை சுழி சுழியாகப் பதிந்துவிட்டது. எல்லாம் முடிந்து சக்கரங்களில் நிறுத்தினால், விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்தது. முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் இரண்டும் உள்ள விமானங்களுக்கு, உடலை மூடுமுன் மூக்கிற்குள் சிறிது எடை வைக்க வேண்டும் என்ற செய்தி அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்தபோது உடல் கரைந்து ஒன்றாகிவிட்டிருந்தது.

கொலுவுக்கு அது வந்து சேர்ந்தது இந்தக் குறையினால்தான். ஆச்சி கீழே மண் பரப்பிக் கேழ்வரகு முளைக்கவிட்டு 'பார்க்' அமைத்திருந்தார்; அந்த ஈர மண்ணில் முன்சக்கரத்தைப் புதைத்தால் விமானம் நேராக நின்றது. விளாச்சேரியிலிருந்து வாங்கிய செட்டியார் பொம்மையையும் விமானத்தையும் மாறி மாறிப் பார்த்த ஆச்சி, "ரெண்டுக்கும் பக்கவாட்டுல கோடு ஓடுதே" என்றார். அவர் பார்வை கூர்மையானது. விளாச்சேரிப் பொம்மையும் முன்பாதி ஓர் அச்சிலும் பின்பாதி ஓர் அச்சிலும் எடுத்துச் சேர்க்கப்படுவதுதான்; சேர்த்த கோட்டை அவர்கள் வழித்துத் தேய்த்து மறைத்திருப்பார்கள், நாங்கள் மறைக்கவில்லை, அவ்வளவே வேறுபாடு.

தெப்பக்குளம் வாசகர்: அப்போது மதுரைக் கடைகளில் இவை விற்கவே இல்லையா?

நான் பார்த்ததில்லை. வெளிநாட்டு விளையாட்டுப் பொருள்களை இறக்குமதி செய்யக் கடுமையான கட்டுப்பாடு இருந்த காலம் அது. புதுமண்டபத்தில் மரப்பாச்சியும் சொப்புச் சாமானும் கிடைக்கும். தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி நடக்கும்போது, உள்ளே சிறு விளக்கு ஏற்றினால் 'டப டப' என்று தண்ணீரில் ஓடும் தகரப் படகு கிடைக்கும். (அந்தத் தகரப் படகைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி அனுப்புங்கள், எழுத ஆசையாக இருக்கிறது.) புதுமண்டபக் கடைகளும் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.

பசுமலை வாசகி, கணித ஆசிரியை: இந்த மாடல்களின் பெட்டியில் 1/72, 1/35 என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறார்கள். நூறில் ஒன்று, ஐம்பதில் ஒன்று என்று முழு எண்ணாக வைக்காமல் ஏன் இப்படி?

72 உங்களுக்குத்தான் முழு எண்ணாகத் தெரியவில்லை. அடிக்கும் அங்குலத்துக்கும் பழகியவர்களுக்கு அதைவிட வசதியான எண் இல்லை. ஆறு அடிக்கு 72 அங்குலம். ஆகவே 1/72 என்றால் ஆறடி மனிதன் ஓர் அங்குலப் பொம்மையாகிறான். என் நாட் பயிற்சி விமானத்தின் அசல் இறக்கை விரிவு 24 அடி. மாடலில் சரியாக நான்கு அங்குலம். உங்கள் மாணவர்களுக்கு விகிதம் கற்பிக்க இதைவிட நல்ல கணக்குக் கிடைக்காது. இந்த அளவை 1936இல் பென்குயின் என்ற பெயரில் பிளாஸ்டிக் விமான மாடல்களை வெளியிட்ட ஃப்ராக் என்ற இங்கிலாந்து வணிகப் பெயர் நிலைநிறுத்தியது. அவை செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஆனவை; நாளாக ஆக முறுக்கிக்கொள்ளும் இயல்புடையவை. பாலிஸ்டைரீன் அவற்றின் இடத்தைப் பிடித்தது உலகப் போருக்குப் பின்னர்தான்.

1/35இன் கதை வேறு. அதில் கணக்கே இல்லை. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தாமியா நிறுவனம் மர வேலையில் தொடங்கி, மர மாடல்கள் செய்து, 1960இல்தான் பிளாஸ்டிக்குக்கு வந்தது. ஜெர்மானியப் பாந்தர் டாங்கியை மோட்டாரில் ஓடும் மாடலாக அவர்கள் வடிவமைத்தபோது, உள்ளே பேட்டரிகளும் மோட்டாரும் அடங்கும்படி உடலைச் செய்துவிட்டு, பிறகு அளந்து பார்த்தால் அது அசலில் ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது. பேட்டரிக்காக அமைந்த அந்த எண்ணை, பிறகு பேட்டரியே இல்லாத மாடல்களுக்கும் மற்ற நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. இதை வகுப்பில் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

திருப்பரங்குன்றம் வாசகர்: என் அப்பா நெய்வேலியில் வேலை பார்த்தார். 1980களின் தொடக்கத்தில், அங்கே வந்திருந்த சோவியத் பொறியாளர் ஒருவர் எனக்கு ஒரு விமான மாடல் கொடுத்தார். பெட்டியில் ரஷ்ய எழுத்துகள். ஆனால் இன்று இணையத்தில் தேடினால் அது இங்கிலாந்து விமானம் என்று தெரிகிறது. போரில் பயன்பட்ட தங்கள் விமானங்களை விட்டுவிட்டு ரஷ்யர்கள் ஏன் இங்கிலாந்து விமானத்தைச் செய்தார்கள்?

உங்கள் கடிதத்தைப் படித்து மகிழ்ந்தேன். விடை, மேலே சொன்ன அதே ஃப்ராக்கில் இருக்கிறது.

ஒரு பிளாஸ்டிக் மாடலில் விலையுயர்ந்தது பிளாஸ்டிக் அல்ல, அச்சு. உருக்கில் குடைந்த இரண்டு பாதிகளை இறுக மூடி, உருகிய பாலிஸ்டைரீனை மிகுந்த அழுத்தத்தில் உள்ளே செலுத்தி, குளிர்ந்ததும் திறந்து எடுக்கிறார்கள். துண்டுகளைச் சுற்றி வரும் அந்தச் சட்டம், உருகிய பிளாஸ்டிக் ஓடி வந்த வாய்க்கால் உறைந்து நின்றதுதான். ஏர்ஃபிக்ஸ் நிறுவனமும் இந்த இயந்திரத்தை முதலில் சீப்பு செய்யத்தான் வைத்திருந்தது. 1949இல் ஒரு ஃபெர்குசன் டிராக்டர் மாடலும், 1952இல் வுல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்ற 'கோல்டன் ஹைண்ட்' கப்பலும் பிறகு வந்தவை. நாட் மாடலின் சட்டத்தைச் சீப்பு என்று பதினோரு வயதில் நான் நினைத்தது அத்தனை தவறில்லை. இப்படிப்பட்ட உருக்கு அச்சு, செய்தவர் கடையை மூடிவிட்டாலும் தேயாமல் கிடக்கும். வாங்குபவர் அதே விமானத்தை மறுபடி வார்க்கலாம்.

ஃப்ராக் 1970களின் நடுவில் நின்றுபோனபோது அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றது. வெளிநாடுகளில் அவை நோவோ என்ற பெயரில் விற்பனையாயின, உள்நாட்டில் ரஷ்ய எழுத்துப் பெட்டிகளில் வந்தன. உங்களுக்குக் கிடைத்தது அந்த உள்நாட்டுப் பெட்டியாக இருக்க வேண்டும். இதில் சுவையான ஒரு செய்தி உண்டு: ஃப்ராக்கிடம் ஜெர்மனி, ஜப்பான் ஆகியவற்றின் போர் விமான அச்சுகளும் இருந்தன, நாஜிப் படையோடு போரிட்டுக் கோடிக்கணக்கான உயிர்களை இழந்த நாடு அவற்றைத் தன் குழந்தைகளுக்கு வார்த்துக் கொடுக்க விரும்பவில்லை. அவை ரெவல் நிறுவனத்துக்குப் போயின. எனவே இங்கிலாந்தில் குடைந்த அச்சில் ரஷ்யாவில் வார்த்த விமானத்தை நெய்வேலியில் ஒட்டியிருக்கிறீர்கள். எதை வைத்து ஒட்டினீர்கள் என்று எழுதவில்லையே?

சோழவந்தான் வாசகி: அப்பா இளவயதில் செய்த ஒரு பாய்மரக் கப்பல் மாடல் எங்கள் வீட்டுப் பரணில், தகரக் கூரைக்கு அடியில், இருபது ஆண்டுகளாகக் கிடந்தது. அவர் சென்ற ஆண்டு காலமானார். இப்போது எடுத்துப் பார்த்தால் பிளாஸ்டிக் பழுத்து மஞ்சளாகியிருக்கிறது, மேல்தளம் வளைந்திருக்கிறது, பாய்மரங்களில் ஒன்று இல்லை, கயிறுகள் அறுந்துவிட்டன. பசை வழிந்த கறையும் ஆங்காங்கே தெரிகிறது. தேய்த்துப் புதிதாக வண்ணம் அடித்துவிடலாமா?

வண்ணம் அடிக்காதீர்கள். தேய்ப்பதற்கு முன் நான் சொல்வதைச் செய்யுங்கள்.

முதலில் தூசி. காய்ந்த மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாக மெல்லத் தட்டிவிடுங்கள். போகாத அழுக்குக்கு, ஒரு சொட்டு சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சு போதும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைக் கிட்டவே கொண்டுபோக வேண்டாம். அதில் அசிட்டோன் இருந்தால் கப்பல் கையில் இளகும்.

மஞ்சள் நிறம் ஒளியும் காலமும் சேர்ந்து பிளாஸ்டிக்கில் செய்த மாற்றம், அழுக்கன்று. கழுவினால் போகாது, விட்டுவிடுங்கள். மேல்தளம் வளைந்தது வெப்பத்தினால். பாலிஸ்டைரீன் நீரின் கொதிநிலையை ஒட்டித்தான் நன்றாக இளகும் என்றாலும், பல சித்திரை வெயில்களைத் தகரத்தின் அடியில் கழித்த மெல்லிய பகுதி தன் எடையாலேயே சிறுகச் சிறுகத் தொய்ந்துவிடும். தளம் தனியாகக் கழன்று வருமானால், கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான வெந்நீரில் சிறிது நேரம் வைத்து, சமதளமான பலகையில் அழுத்தி, அப்படியே குளிரவிடுங்கள். ஒரே முறையில் நிமிர்த்த முயன்றால் ஒடியும். இரண்டு மூன்று முறை செய்யுங்கள். கழன்று வராவிட்டால் பலவந்தம் செய்யாமல் வளைவோடு விடுவதே மேல்.

இழந்த கயிறுகளுக்கு ஒரு வழி உண்டு. இது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஏதேனும் ஒரு புதிய மாடலின் சட்டத்திலிருந்து விரல் நீளத் துண்டை வெட்டி, இரு முனைகளையும் பிடித்து, அகல் விளக்குச் சுடருக்குச் சற்று மேலே, சுடர் தொடாதபடி, உருட்டிக்கொண்டே இருங்கள். நடுப்பகுதி பளபளத்துத் துவளும் நொடியில் சுடரிலிருந்து விலக்கி, இரு பக்கமும் இழுங்கள். தலைமுடி அளவுக்கு மெல்லிய இழை வரும். மெல்ல இழுத்தால் பருமன், விரைந்து இழுத்தால் மெல்லியது. முதல் பத்து அறுந்துபோகும்; பதினொன்றாவது வரும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், பாலிஸ்டைரீன் எரிந்தால் கரும்புகையும் கெட்ட நாற்றமும் வரும். பாய்மரத்துக்கு மூங்கில் குச்சியைச் சீவி வைப்பதிலும் தவறில்லை.

பசைக் கறைக்கு வருகிறேன். அது பசை வழிந்த கறை அல்ல. அந்த இடத்தில் பிளாஸ்டிக்கே இளகி மீண்டும் உறைந்திருக்கிறது. அப்படி இளகியிருந்தபோது அதைத் தொட்டவருடைய ரேகை அதில் பதிந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. கப்பலைப் பிடிக்க இயல்பாக விரல்கள் படும் இடங்களில், அதாவது அடிப்பக்கத்திலும் இரு பக்கவாட்டிலும், இருட்டறையில் டார்ச் விளக்கை மிகவும் சாய்வாக அடித்துப் பாருங்கள். நேரே பார்த்தால் தெரியாத சுழிகள் சாய்ந்த ஒளியில் எழும்பித் தெரியும். என் நாட் விமானத்தின் இடது இறக்கையில் இருக்கும் கட்டைவிரலுக்குரிய அண்ணன் இப்போது இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் ஒரு கோடுகூட மங்கவில்லை. உப்புத்தாளை எடுத்தால் அரை நிமிட வேலை, பிறகு திரும்ப வராது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அண்ணாநகர் வாசகி: ஒன்பது வயது மகன் விமான மாடல் வேண்டும் என்கிறான். பசையின் வாடையை நினைத்துப் பயமாக இருக்கிறது. வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். பசையே தேவைப்படாமல், குமிழும் குழியுமாக அழுத்திப் பொருத்தும் வகை மாடல்கள் உண்டு. ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1980 முதல் வெளியிட்டுவரும் 'கண்டம்' (Gundam) என்ற ரோபோ மாடல்களில் இன்று வருபவை அந்த வகைதான், விமானங்களிலும் கிடைக்கின்றன. முதல் இரண்டு மாடல்கள் அப்படியே ஆகட்டும். பிறகு பசைக்கு வரும்போது, டொலுவீனுக்குப் பதிலாக ஆரஞ்சுத் தோலிலிருந்து கிடைக்கும் லிமோனீன் சேர்ந்த சிமென்ட் வாங்குங்கள், வாடை மென்மையானது. இருந்தாலும் ஜன்னலைத் திறந்து வைத்து, நீங்களும் அருகில் இருங்கள். கண்ணாடிப் பகுதிகளுக்கு மட்டும் சிமென்ட்டும் வேண்டாம், நொடியில் ஒட்டும் பசையும் வேண்டாம். இரண்டுமே வெளுக்கச் செய்துவிடும். மரவேலைக்கான வெள்ளைப் பசையைக் குச்சியால் மிகச் சிறிது தொட்டு வைத்தால் கண்ணாடிபோலவே காயும். மைதாவுக்கு நேர்ந்த கதி அதற்கு நேராதா என்று கேட்பீர்கள். எடையே இல்லாத அந்தக் கூட்டைத் தாங்குமளவுக்குப் பிடிக்கும், அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

துண்டுகளைக் கையால் முறித்து எடுக்க விடாதீர்கள். நல்ல நகவெட்டி போதும்: முதலில் துண்டிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு வெட்டு, பிறகு ஒட்டி ஒரு வெட்டு. விமானத்துக்கு மூக்கின் கீழ் சக்கரம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். இருந்தால், இரண்டு பாதிகளையும் மூடுவதற்கு முன்னால் உள்ளே ஒரு களிமண் உருண்டையை வைத்து அழுத்தச் சொல்லுங்கள்.